சாவி எதிர்வீட்டில் இருக்கிறது

அன்பும் கோபமும் நிறைந்த அக்காவுக்கு,

தங்கை வணங்கி எழுதுவது. நாங்கள் எல்லோரும் இங்கே சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். உடம்பு முடியாதவர்களால் அவ்வளவு ஓங்கிப் போனை வைக்க முடியாது. அத்தானுக்குப் பல்வலி தேவலையா? போன தடவை நீங்கள் வந்திருந்தபோது, இவரோடு மொட்டை மாடிக்குக் காற்று வாங்கப் போய்விட்டு வரும்போதெல்லாம் கிராம்பு மென்றுகொண்டே வந்தார், பாவம். நல்ல பல் மருத்துவரிடம் காட்டு.

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். பொட்டலம் மடித்து வந்த தாளைக்கூடப் படித்து முடிக்காமல் குப்பையில் போடாதவள் நீ. இதையும் கடைசி வரி வரை படிப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயம் ஒன்றே ஒன்று. உன் மகன் எங்கள் வீட்டில் தங்கி இங்கே பள்ளி இறுதி வகுப்புகள் படிப்பதாக ஏற்பாடு. இந்த மாதக் கடைசிக்குள் பள்ளியில் பெயர் கொடுத்தாக வேண்டும். அதற்குள் என் மகன் செய்த காரியம் யார் மூலமோ உன் காதுக்கு எட்டிவிட்டது. "உன் தெருவுக்கு என் பிள்ளையை அனுப்புறதுக்கு, நேரா மதுக்கடையிலயே வேலைக்குச் சேர்த்துடலாம்டி. எங்க வீட்டுல அந்தக் கண்றாவி ஒரு பாட்டில் உண்டா? உங்க அத்தான் மருந்துக்குக்கூட அதைத் தொட்டதில்லை" என்றாய். உண்மையாகவே அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் அடுப்பைக்கூட அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் சந்தோஷத்தில் எழுத்து கோணலாக விழுந்தால் பொறுத்துக்கொள்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானும் இவரும் திரைச்சீலை வாங்கப் போயிருந்த நேரத்தில், என் பிள்ளை இரண்டு கூட்டாளிகளோடு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து குடித்திருக்கிறான். பதினாறு வயது. கூட்டாளிகள் படியில் இறங்கித் தப்பித்துவிட்டார்கள். இவன் லிஃப்டில் ஏறி, எந்த மாடியில் நம் வீடு என்பது மறந்துபோய், இருக்கிற பொத்தான்கள் எல்லாவற்றையும் அழுத்திவிட்டான். லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக நின்று, கதவைத் திறந்து, இவனை ஊருக்குக் காட்டி, மூடிக்கொண்டு, மேலும் கீழும் ஊர்வலம் போயிருக்கிறது. நான்காம் மாடியில் ஏறியவர் ஃபெயில் சார். அவரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலம் முழுக்க ஊரில் பாதிப் பேரைத் தேர்வில் ஃபெயில் ஆக்கியவர் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். "எந்த மாடிப்பா போகணும்?" என்று கேட்டிருக்கிறார். "எல்லாம் சார்" என்று சொல்லிவிட்டு, அவருடைய பளபளப்பான ஷூவின்மேல் வாந்தி எடுத்துவிட்டான். அதில் இன்னொரு கொடுமை, என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில். மறுநாள் அந்த லிஃப்டைக் கழுவித் துடைக்க ஆள் அனுப்பச் சொல்லிப் புகார் வந்ததும் இவர் மேசைக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே தெருவில் கூட்டம் கூடிவிட்டது. எல்லோருக்கும் ஒரே எண்ணம்: முக்குக் கடைக்காரர்தான் பிள்ளைகளுக்கு விற்கிறார். அவர் கடையில் அரிசி, சோப்பு, பேனாவோடு ஒரு ஃப்ரிட்ஜில் பீரும் உண்டு. நானும் முன்வரிசையில் போனேன். குற்றம் வேறொருவர் வீட்டு வாசலில் இருக்கிறது என்று நினைக்கும்போது கால்களுக்கு எப்படி வேகம் வந்துவிடுகிறது, பார். கடைக்காரர் தராசிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உங்க பையன் என் கடையில கடைசியா வாங்கினது பென்சில் சீவற துருவிம்மா. என் கழுத்தைப் பிடிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் வீட்டுக்குப் போய், அவங்கவங்க பாட்டிலைத் திறந்து மோந்து பாருங்க."

போனோம். மோந்தோம். அக்கா, அந்த அரைமணி நேரம் எங்கள் கட்டடத்தில் இருந்த அமைதியை நான் எந்தப் பிரார்த்தனைக் கூடத்திலும் கேட்டதில்லை. எங்கள் வீட்டு அலமாரியில் விருந்தாளிகளுக்கென்று இவர் வைத்திருந்த ஒரே ஒரு பாட்டில், அதில் இருந்தது பால் ஊற்றாத டீ. நல்ல நிறம். இவர் முகர்ந்து பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகனை நினைத்து இடிந்துபோய்விட்டார் என்று பயந்து தண்ணீர் கொண்டு வந்தேன். "போன மாசம் மானேஜர் வந்தப்போ இதைத்தானே ஊத்தினேன்" என்றார். எனக்கும் ஞாபகம் வந்தது. அந்த மனிதர் மூன்று கிளாஸ் குடித்தார். "இந்த மாதிரி சரக்கு இப்பல்லாம் எங்கய்யா கிடைக்குது" என்று நாக்கைச் சப்புக்கொட்டினார். மூன்றாவது கிளாஸில் குரல் தழுதழுத்து, இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எனக்குத் தம்பி மாதிரி" என்று அழுது, பதவி உயர்வுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டே காரில் ஏறினார். பதவி உயர்வும் வந்தது. ஆக இந்த வீட்டில் மேற்பார்வையாளர் ஆனது என் கணவர் அல்ல, டீத்தூள்.

மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தலைவலியோடு குனிந்துகொண்டு இருந்தான். "உனக்கு யாருடா இதெல்லாம் பழக்கினாங்க?" என்று கேட்டேன். ஏதாவது கெட்ட சகவாசத்தின் பெயர் வரும், நாளைக் காலையில் அந்த வீட்டுக்குப் போய்ச் சண்டை போடலாம் என்று மனசுக்குள் சேலை மாற்றிக்கொண்டே இருந்தேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "விருந்தாளி வந்தா நீங்கதானேம்மா என்னை எடுத்துட்டு வரச் சொல்வீங்க. எவ்வளவு ஊத்தணும்னு அப்பாதான் விரல் வச்சுக் காட்டினார்." உண்மைதான், அக்கா. தட்டில் வெள்ளைத் துணி விரித்து, கிளாஸ் சத்தம் போடாமல் அவன் கொண்டுவந்து வைப்பதைப் பார்த்து, "என்ன பணிவான பிள்ளை" என்று வந்தவர்கள் சொல்வார்கள். எனக்குப் பூரிப்பாக இருக்கும். ஒன்றைக் கையில் கொடுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டு, வாயில் மட்டும் வைக்காதே என்று எதிர்பார்த்திருக்கிறோம்.

இங்கேதான் எங்கள் எதிர்வீட்டு நர்ஸம்மா வருகிறார். அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு மயங்கின நிலையில் வந்து சேரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போனவர். வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டம் போட்டார். ஃபெயில் சாரைத் தலைவராக்கினோம். ஷூவை இழந்தவருக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா. நர்ஸம்மா நேராக ஆரம்பித்தார். "என்கிட்ட வர்ற பிள்ளைங்க பாதிப் பேரு கடையில வாங்கினது இல்ல. வீட்டு அலமாரிதான். முதல்ல அதைப் பூட்டுங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள். "என்ன சிரிப்பு?" என்று ஃபெயில் சார் அதட்ட, ஒரு பெண் எழுந்து, "சாவி எங்க இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா சார்? எங்க அப்பாவோடது ஷேவிங் டப்பாவுல" என்றாள். "எங்க வீட்டுல கடிகாரத்துக்குப் பின்னால." "எங்க வீட்டுல சாமி படத்துக்குப் பின்னால." நம் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்டுல அம்மாவோட பழைய கைப்பையில" என்றான். தகப்பன்மார்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் நர்ஸம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. உன் அலமாரிச் சாவி உன் வீட்டில் இருந்தால்தானே பிள்ளை எடுப்பான்? எதிர்வீட்டில் கொடுத்து வை. எதிர்வீட்டுச் சாவியை நீ வாங்கி வை. பெரியவர்களுக்கு வேண்டுமானால் கதவைத் தட்டிக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அன்றைக்கே ஒப்புக்கொண்டோம். கூடவே இன்னும் சில கட்டுப்பாடுகள். பிள்ளைகள் கை பாட்டிலில் படவே கூடாது. எடுத்து வரச் சொல்லக் கூடாது, ஊற்றச் சொல்லக் கூடாது, யாருக்காவது கொடுத்துவிட்டு வா என்று பையில் போட்டு அனுப்பவும் கூடாது. கடைக்காரர் யார் வந்து பீர் கேட்டாலும் முகம் பார்க்காமல் வயது அத்தாட்சி கேட்க வேண்டும். கடைசியாக, எந்தப் பிள்ளையாவது இருக்கக் கூடாத இடத்தில் மாட்டிக்கொண்டு போன் செய்தால், தெருவில் யாராக இருந்தாலும் போய்க் கூட்டி வர வேண்டும். மறுநாள் காலை வரை ஒரு கேள்வி கேட்கக் கூடாது. இந்தக் கடைசிக் கட்டுப்பாடுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கேள்வி கேட்காமல் நான் எப்படி அம்மாவாக இருப்பது?

இதற்கு அப்புறம் நடந்த கூத்தைக் கேள். முதல் சனிக்கிழமை இவர் சட்டையை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனார். திறந்தது நர்ஸம்மாவின் சின்னப் பெண். அது உள்ளே திரும்பி, மாடிப்படியெல்லாம் எதிரொலிக்க, "அம்மா, எதிர்வீட்டு மாமாவுக்குக் குடிக்கறதுக்குச் சாவி வேணுமாம்" என்றது. மேல் மாடியில் ஒரு கதவு திறந்தது. கீழ் மாடியில் ஒன்று. இவர், "இல்ல பாப்பா, மாமாவுக்குக் கொஞ்சம் உப்பு வேணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு கிண்ணம் உப்போடு திரும்பி வந்தார். அடுத்த சனிக்கிழமையும் உப்பு. அதற்கடுத்த சனிக்கிழமையும் உப்பு. எங்கள் வீட்டில் இப்போது இருக்கிற உப்பில் ஒரு சிறிய கடலைச் செய்யலாம். நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்குங்க" என்றார்.

ஃபெயில் சார் கதை இதைவிட மோசம். தலைவர் அல்லவா, எல்லோருக்கும் முன்மாதிரியாக முதல் ஆளாகப் பூட்டினார். சாவியை எதிர்வீட்டில் கொடுத்தார். அந்த வீட்டுக்காரர்கள் சாவியோடு மகள் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது, கழற்றி வைத்த பல் செட்டும் அதே அலமாரியில், பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று. பூட்டை உடைக்கலாம் என்றோம். "ஒரு தடவை உடைச்சா அப்புறம் அது பூட்டே இல்ல" என்று மறுத்துவிட்டார். அவர்கள் திரும்பி வரும்வரை கஞ்சி குடித்துக்கொண்டே இரண்டு கூட்டங்களுக்குத் தலைமை தாங்கினார். அந்தக் கூட்டங்களில்தான் மறுபேச்சில்லாமல் தீர்மானங்கள் நிறைவேறின. பல் இல்லாத தலைவரை எதிர்த்துப் பேச யாருக்கும் மனசு வரவில்லை.

கடைக்காரர் இருக்கிறாரே, அவர் எங்களைப் பழிவாங்குவது போலவே கட்டுப்பாட்டைப் பின்பற்றினார். ஃபெயில் சாரிடமே அத்தாட்சி கேட்டார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் அட்டையைப் பார்த்த மனிதர், முதல் தடவையாகத் தன் அட்டையை எடுத்து வர வீட்டுக்கு நடந்து, மூச்சு வாங்கத் திரும்பி வந்து காட்டினார். "படத்துல இருக்கறது நீங்கதானா சார்? முடி இருக்கே" என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பழக்கம் முற்றிப்போய் என்னிடமும் கேட்டார். நான் வாங்கப் போனது துணி சோப்பு. "வயசு இருபத்தொன்னு ஆச்சாம்மா?" என்றார், தலை நிமிராமல். அக்கா, நாற்பத்தாறு வயதில் ஒருத்தியை அப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அவர் நிமிர்ந்து பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

ஆனால் உண்மையான மாற்றம் பூட்டில் வரவில்லை. நர்ஸம்மா இரண்டாவது கூட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்து, "நாங்களே பேசிட்டு இருக்கோம். உங்களுக்கு என்னதான்டா வேணும்?" என்று கேட்டார். நம் பிள்ளை எழுந்தான். அவன் அத்தனை பேர் நடுவில் பேசி நான் பார்த்ததில்லை, காது சிவந்திருந்தது. "சாயங்காலம் போறதுக்கு ஒரு இடம் இல்ல ஆன்ட்டி. மைதானத்துல கார் நிக்குது. படிக்கட்டுல உட்கார்ந்தா எழுந்து போங்கறாங்க. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடிதான் யாரும் துரத்தலை" என்றான். படிக்கட்டில் உட்காராதே என்று துரத்தியவர்களில் நானும் ஒருத்தி. தரைத் தளத்தில் உடைந்த நாற்காலிகளும் காலி பெயின்ட் டப்பாக்களுமாக ஒரு சாமான் அறை பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து கொடுத்தோம். பிள்ளைகளே கழுவி, சுண்ணாம்பு அடித்து, அந்த அறைக் கதவையே கழற்றி இரண்டு டிரம்மின்மேல் படுக்க வைத்து, குறுக்கே ஒரு பழைய கொசுவலையைக் கட்டி, மேசைப் பந்து ஆடுகிறார்கள். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் பந்து பட்டால் கோணலாகத் துள்ளும். அதற்கென்றே தனி விதி வைத்திருக்கிறார்கள். ஃபெயில் சார் தினமும் போய் விளையாடித் தோற்கிறார். "இன்னிக்கும் ஃபெயில் சார்" என்று பிள்ளைகள் சொல்வதில் அவருக்கு இருக்கிற சந்தோஷத்தை நீ பார்க்க வேண்டும்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும். நம் பிள்ளையின் வகுப்பில் ஒருவனுக்குப் பிறந்த நாள், நான்கு தெரு தள்ளி வீடு. அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்து, அனுப்பினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நம்பலாமாடா?" என்று கேட்டேன். "தெரியலைம்மா" என்றான். "நம்பலாம்" என்று அவன் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு தைரியம் வந்திருக்காது. இருட்டுவதற்குள் போன் வந்தது. சன்னமான குரல். "அம்மா, இங்க பெரியவங்க யாரும் இல்ல. எல்லாரும் ஊத்திட்டாங்க. எனக்கும் ஊத்தி வச்சிருக்காங்க. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" இவர் வேலையில். நான் செருப்பைக்கூட ஜோடி பார்க்காமல் ஓடினேன். ஃபெயில் சார் காரை எடுத்தார். அக்கா, பிள்ளை ஆபத்தில் இருக்கும்போது ஒரு தேர்வு அதிகாரியின் காரில் போகும் கொடுமை யாருக்கும் வேண்டாம். பெல்ட் போட்டேனா என்று பார்த்தார். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, நடுக் கண்ணாடி சரிசெய்தார். மஞ்சள் விளக்குக்கு நின்றார். ஆளே இல்லாத பாதசாரிக் கோட்டில் நின்றார். "சார், கொஞ்சம் வேகமா" என்றேன். "அவசரத்துலதாம்மா நிறைய பேர் ஃபெயில் ஆகறாங்க" என்றார்.

வாசலில் நின்றுகொண்டிருந்தான். கூட இன்னும் இரண்டு பேர். அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தப்பி ஓடிய அதே இரண்டு பேர். மூவரும் ஏறினார்கள். வாடை இல்லை, நான் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டேன், முகர்வது கேள்வியில் சேராது. கார் கிளம்பியது. கேள்வி கேட்கக் கூடாது. யார் ஊத்தினார்கள், என்ன ஊத்தினார்கள், அந்த அம்மா எங்கே, அப்பா எங்கே, நீ தொட்டாயா, எல்லாம் தொண்டையில் வரிசையில் நின்றன. நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே வந்தேன். இரண்டாவது மஞ்சள் விளக்கில் நம் பிள்ளை பின்னாலிருந்து சொன்னான்: "அம்மா, ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க. இல்லைன்னா வெடிச்சுடுவீங்க." அத்தனை கேள்விகளும் வரிசையாக நின்றதில், என் வாயிலிருந்து வந்தது, "சாப்பிட்டியா?" என்பதுதான். "இல்லம்மா" என்றான். பின்சீட்டில் மூன்று பேரும் சிரித்தார்கள். ஃபெயில் சார், விளக்கு பச்சையாகியும் வண்டியை எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவன் இனி தொடவே மாட்டான் என்று உனக்கு நான் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் மாட்டிக்கொண்டால் கூப்பிடுவான். கூப்பிட்டால் இந்தத் தெருவில் யாராவது ஒருவர் கிளம்பிப் போவோம். இது எனக்குப் போதும், அக்கா. உனக்கும் போதும் என்று நினைத்தால், உன் பிள்ளையை அனுப்பு. மேசைப் பந்தில் ஜோடி சேர இவனுக்கு ஆள் இல்லாமல் ஃபெயில் சாரை வைத்துக்கொண்டு தோற்கிறான். இத்தனை வாரமாக இந்தத் தெருவில் ஒரு பிள்ளையின் கை ஒரு பாட்டிலில் பட்டதில்லை. இதை நான் கர்வத்தோடு எழுதுகிறேன். ஒரு பாட்டில்கூட இல்லாத வீட்டில், அத்தானைப் போல ஒரு தகப்பனின் கண்காணிப்பில் வளர்ந்த பிள்ளை இங்கே வந்தால், எங்கள் பிள்ளைகளுக்கும் நல்ல உதாரணமாக இருக்கும்.

உன் கோபம் தணியட்டும். உன் முட்டிவலியும் தணியட்டும். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைக்கு என் முத்தம். நல்ல பதிலை எதிர்பார்க்கும்,

உன் தங்கை

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரே கூட்டம். கடைக்காரர், ஃபெயில் சார், நர்ஸம்மா, அவருடைய சின்னப் பெண், எல்லோருக்கும் நடுவில் முதுகில் பையோடு உன் மகன். பதறாதே. பத்திரமாக இருக்கிறான், சாப்பிட்டுவிட்டான், அதைத்தான் முதலில் கேட்டேன். விளையாட்டுப் பயிற்சி முகாமுக்குப் போகிறான் என்றுதானே உன்னிடம் சொன்னார்கள்? அத்தானே பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். "நீ முதல்ல போய்ச் சேரு, அம்மாவை நான் மெதுவா சமாளிக்கறேன்" என்றாராம். முக்குக் கடையில் வழி கேட்டிருக்கிறான். பையிலிருந்து முகவரித் தாளை எடுக்கும்போது, துண்டில் சுற்றிய ஒரு பாட்டில் எட்டிப் பார்த்திருக்கிறது. கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு, அவனை எங்கள் வீடு வரை நடத்திக் கூட்டி வந்திருக்கிறார். "அப்பா சித்தப்பாவுக்குக் கொடுக்கச் சொன்னார் சித்தி. அம்மாகிட்ட சொல்லாதன்னார். எங்க வீட்டுப் பரண்ல, பழைய சூட்கேஸுக்குப் பின்னாடி இன்னும் நாலு இருக்கு. நான்தான் எப்பவும் ஏறி எடுத்துக் கொடுப்பேன்" என்றான், பணிவாக.

பிள்ளை இனி இங்கேயே இருக்கட்டும், உன் சம்மதத்துக்கு நான் காத்திருக்கவில்லை. இப்போது கீழே கதவின்மேல் பந்து ஆடிக்கொண்டிருக்கிறான். பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம், சாவி எதிர்வீட்டில் இருக்கிறது. அத்தான் ஆசையாக அனுப்பியது வீணாகப் போகக் கூடாது என்று இவர் தலை வாரிக்கொண்டு அங்கே போயிருக்கிறார். இதோ வந்துவிட்டார். கையில் கிண்ணம்.

நீ பரணுக்கு ஒரு பூட்டு வாங்கு. சாவியை உன் எதிர்வீட்டில் கொடு. அத்தானின் பல்வலி அதிலேயே குணமாகிவிடும். பிள்ளையைப் பார்க்க வரும்போது என்ன வேண்டுமானாலும் வாங்கி வா, உப்பு மட்டும் வேண்டாம்.